பதினோராவது ரீல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று எப்போதும் போலத் தொடங்கத்தான் காகிதத்தை எடுத்தேன். அதில் முதல் பாதி பொய். இரண்டாம் பாதி மட்டும் உண்மை. காலை பத்து மணிக்கு உன் கார்டு வந்ததிலிருந்து இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். மூன்றாவது தடவை அடுப்பையே அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உன் சிநேகிதன் முட்டி வாசற்படியில் காத்திருக்கிறான். கார்டின் மூலையில் லாட்ஜ்காரன் குத்திய முத்திரையைப் பார்த்ததும் அவனாகவே சொன்னான், "எழுதிக் குடுங்கம்மா, ரெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சிடறேன். அவன் கைல குடுத்துட்டுத்தான் தண்ணியே குடிப்பேன்." எட்டு மணி நேரப் பயணம். முழங்கால் கட்டோடு அந்தப் பிள்ளை எப்படி உட்கார்ந்து வருவானோ. நானே வந்திருப்பேன். அப்பாவை விட்டுவிட்டு வர முடியவில்லை. நீ போன மறுநாள் தியேட்டர் மிஷின் ரூம் படியில் இறங்கும்போது கால் தவறி விழுந்துவிட்டார். இடது காலில் தொடைவரைக்கும் மாவுக்கட்டு. நான் தோள் கொடுத்தால்தான் எழுந்திருக்கிறார். உனக்கு எழுதலாம் என்றால் நீ எங்கே இருக்கிறாய் என்று எந்தச் சாமிக்குத் தெரியும்?

உன் கார்டில் மூன்றே வரி. "அம்மா, கடல் பக்கத்துல ஒரு ரூம்ல இருக்கேன். யோசிச்சுப் பாத்தா அந்த நீச்சல்காரன் செஞ்சதுதான் சரி. அப்பாவைப் பாத்துக்கோ." அவ்வளவுதான். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் எழுத்துக்கூட்டிப் படித்தவள்தான். ஆனாலும் மூன்று வரியை முப்பது தரம் படித்தால் எனக்கும் விளங்கும், கண்ணா. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் ஒரு வரி விடாமல் படி.

ஊர்ப் பேச்சை எழுதித் தொலைத்துவிடுகிறேன். நீ அந்தக் கோலை விட்ட மேட்ச் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். நம் வீட்டு வாசலில் இப்போது யாரும் கூடுவதில்லை. முதல் மூன்று நாள் கல் விழுந்தது. சுவரில் கரியால் எதையோ எழுதிவிட்டுப் போனார்கள், நானே தேய்த்துக் கழுவினேன். கிளப் செயலாளர் வெள்ளிக்கிழமை விசாரணை என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். கடைக்காரர் என்னிடம் நேரே கேட்காமல் பொட்டலம் மடிக்கிற சாக்கில் கேட்டார், "உருண்டு வந்த பந்துதானேம்மா அது, தவழுற புள்ளகூட பிடிச்சிருக்குமே?" "ஆமா, தவழுற புள்ளைங்க நல்லாத்தான் பிடிக்கும், அதுங்களுக்கு ஊரே கத்துறது கேக்காதில்ல" என்றேன். அவர் உப்பை நிறுத்துக் கொடுத்தார். நிறுவை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

நீ காசு வாங்கினாயா இல்லையா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை. உன் அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார், "வாங்கியிருப்பானா?" என்று. தெரியாது என்றேன். பிறகு சொன்னார், "வாங்கியிருந்தா திருப்பிக் குடுக்கணும். வாங்கலன்னா வாங்கலன்னு சொல்லணும். ரெண்டுக்குமே ஆள் வேணும்ல?" நான் இத்தனை பக்கம் எழுதி உனக்குச் சொல்ல நினைப்பதை அவர் அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. அதை நான்தான் சொல்ல வேண்டும். என் தப்பு அது.

நீச்சல்காரன் படத்தைப் பற்றி எழுதப்போகிறேன். பிள்ளை எங்கேயோ கிடக்கிறான், இவள் சினிமாக் கதை சொல்கிறாள் என்று நினைக்காதே. அந்தப் படத்தை நீ பத்தொன்பது தடவை பார்த்திருக்கிறாய். படப்பெட்டிக் கணக்கு எழுதுகிற என் நோட்டில் இருக்கிறது. மல்லன் படத்தை இரண்டே தடவை. இரண்டாவது தடவையும் நான் காதைப் பிடித்து உட்காரவைத்ததால்தான்.

இரண்டும் நம் தியேட்டர்க்காரர் விலைக்கே வாங்கிப் போட்ட பழைய படங்கள். புதுப்படப் பெட்டி வராத வாரங்களில் இது இல்லாவிட்டால் அது ஓடும். தியேட்டருக்கும் நம் வீட்டுக்கும் ஒரே சுவர்தானே, மல்லன் படத்தில் ரயில் ஓடினால் நம் வீட்டுத் தட்டுகள் ஆடும். நீச்சல்காரன் பேசாத படம், எழுத்து அட்டை போட்டுப் போட்டுத்தான் கதை நகரும். எனக்கு எழுத்தே அந்த அட்டைகள்தான் கற்றுத் தந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் மிஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்து, உன் அப்பா வாயால் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தேன். நான் முதன்முதலாக முழுசாகப் படித்த வார்த்தை "மானம்". பிறகு உன்னை மடியில் வைத்துக்கொண்டு நான் அட்டை அட்டையாகப் படித்துக் காட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும்.

மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். ஒரு நீச்சல் வீரன். தீவைச் சுற்றி நீந்துகிற பந்தயத்தில் ஜெயிக்கிறான். பாதி வழி படகில் வந்தான் என்று எதிராளி பொய்ச் சாட்சி கட்டுகிறான். பதக்கத்தைப் பிடுங்குகிறார்கள். கள்ளக்கடத்தல்காரர்கள் துரத்துகிறார்கள், அவன் குகைக்குள் போகிறான், கயிற்றில் தொங்குகிறான், பொய்ச் சாட்சி எழுதிய காகிதத்தைக் கைப்பற்றுகிறான். அதற்குள் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் அவனை வளைத்துவிடுகிறார்கள். காகிதத்தைக் கீழே நிற்கிற நீதிபதியை நோக்கி வீசிவிட்டு, "மானமே பெரிது" என்று அட்டை விழ, அவன் கடலில் குதிக்கிறான். முற்றும். தியேட்டரே எழுந்து நின்று கை தட்டும். நீ என் மடியிலேயே எழுந்து நிற்பாய்.

மல்லன் படம் அப்படியா? அவன் பெரிய பயில்வான். தம்பியைக் கொள்ளைக்கூட்டம் பிடித்துவைத்துக்கொண்டு, நாளைக்குத் தோற்றால்தான் தம்பி உயிரோடு வருவான் என்கிறது. தோற்கிறான். வேண்டுமென்றே மல்லாக்க விழுகிறான். ஜனம் செருப்பை எறிகிறது. அப்புறம் ரயில் கூரைமேல் ஓடிச் சண்டை போட்டுத் தம்பியை மீட்டுக்கொண்டு வருகிறான். மீட்டு என்ன? தோற்றவன் தோற்றவன்தான், பட்டம் திரும்ப வரவில்லை. கடைசியில் அதே கோதாவில் மற்றவர்கள் சண்டை போட மண்ணைக் கொத்திச் சமன் பண்ணிக்கொண்டிருக்கிறான். படம் அப்படியே முடிந்துவிடும். யாரும் கை தட்டமாட்டார்கள். பீடியை அணைத்துவிட்டுப் போவார்கள். நீ வெளியே வந்து சொன்னாய், "என்னம்மா படம் இது? ஹீரோன்னு சொல்லிட்டு கடைசில மண்ணு வாரிட்டு இருக்கான்!" நானும் சிரித்தேன். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

இந்தப் பன்னிரண்டு நாளும் கும்பிட உட்கார்ந்தால் ஜபம் வரவில்லை. இந்த இரண்டு படங்கள்தான் மாறி மாறி வருகின்றன. எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு எதையும் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதிப் பார்ப்பது. நோட்டில் ஒரு பக்கம் நீச்சல்காரன், எதிர்ப்பக்கம் மல்லன் என்று எழுதினேன். எழுத எழுத ஒன்று தெரிந்தது. நீச்சல்காரன் நாம் பார்த்த படம் முழுக்க ஒருவாய்கூடச் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. அவனுக்கு வீடு எது என்றே காட்டவில்லை. மல்லன் மூன்று தடவை சாப்பிடுகிறான். மூன்றாவது தடவை, தோற்றுவிட்டு வந்து, அழுதுகொண்டே சாப்பிடுகிறான். தம்பி தட்டை அவன் பக்கம் தள்ளித் தள்ளி வைக்கிறான். செருப்படி வாங்கினவன் மறுநாள் எழுந்து பல் தேய்ப்பதைக்கூடக் காட்டுவார்கள். குதிக்கிறதுக்கு ஒரு நிமிஷத் தைரியம் போதும். செருப்பு விழுந்த அதே கோதாவுக்குத் தினமும் காலையில் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகிறதற்கு எவ்வளவு வேண்டும்? இது எனக்கு இவ்வளவு வயதாகித்தான் தெரிய வேண்டுமா? உனக்கு அன்றைக்கே சொல்லத் தெரியாமல் போயிற்றே.

தெரியாமல் போனது அது. தெரிந்தே செய்த தப்பு இன்னொன்று இருக்கிறது. ஆண்டவனிடம் எப்போதோ மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடம் இன்றுதான் கேட்கிறேன்.

நீச்சல்காரன் சாகவில்லை, கண்ணா.

சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. படம் அங்கே முடியவில்லை. அந்தப் படம் பதினொரு ரீல். நாம் பார்த்தது பத்து. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், குதிக்கிற இடத்தில் ஜனம் எழுந்து கை தட்டிவிட்டு அப்படியே வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. கடைசி ரீல் காலி நாற்காலிகளுக்கு ஓடியது. தியேட்டர்க்காரர் மிஷின் ரூமுக்கு ஏறி வந்து உன் அப்பாவிடம் சொன்னார், "அம்மாவும் புள்ளையும் அழறதப் பாக்கவாய்யா அவன் டிக்கெட் வாங்குறான்? வெட்டிடு. பன்னண்டு நிமிஷம் மிச்சம், அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டத்த முன்னாடியே விட்டுடலாம்." உன் அப்பா பதினோராவது ரீலைக் கழற்றினார். அதன் வாலில் இருந்த "முற்றும்" அட்டையை மட்டும் வெட்டியெடுத்து, குதிக்கிற இடத்துக்குப் பின்னால் ஒட்டினார். நீ பத்தொன்பது தடவை பார்த்த அந்த "முற்றும்" உன் அப்பா கையால் ஒட்டியது.

கார்டைப் படித்த பிறகு, அந்த ஒட்டைத்தான் நீ நம்பிக்கொண்டிருக்கிறாய் என்று அவரிடம் சொன்னேன். அப்புறம், "ஒட்டு தெரியாம ஒட்டுறவன்தான் நல்ல ஆபரேட்டர்னு பெருமை வேற பட்டேன்டி" என்றார். இவ்வளவு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. மாவுக்கட்டோடு புரண்டு படுக்கக்கூட முடியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அவர் செய்தது வேலை. நான் செய்ததுதான் பாவம். உனக்கு ஆறு வயது. படம் பார்த்து வந்து தியேட்டர் மதில்மேல் ஏறி மணல் குவியலில் குதித்தாய். முன்பல் ஓரம் உடைந்தது. வாயெல்லாம் ரத்தத்தோடு வந்து, "நானும் மானம் காத்தேம்மா" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னேன். அன்றைக்கு மருந்து வைக்கும்போது நீ கேட்டாய், "அம்மா, அவன் குதிச்சு செத்துப் போயிட்டானா?" எனக்குத் தெரியும். முழுப்படமும் பார்த்தவள் நான். பெட்டிக் கணக்கு எழுதுகிறவளும் நானே. "வந்தது பதினொன்று, ஓடியது பத்து" என்று என் கையாலேயே நோட்டில் எழுதியிருக்கிறேன். இல்லடா, பிழைச்சுக்கிட்டான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் முகத்தில் இருக்கிற அந்த வெளிச்சம் போய்விடுமோ என்று, "அவன் மானத்தக் காப்பாத்திட்டான்ல, அது போதும்டா" என்று சொன்னேன்.

அது போதாது. போதவே போதாது. நீ கோல் கீப்பராக நின்ற ஒவ்வொரு மேட்சுக்கும் "நீச்சல்காரன் மாதிரி நில்லுடா" என்று நெற்றியைத் தொட்டு அனுப்பினேனே, அந்த வாயை இப்போது என்ன செய்வது?

பதினோராவது ரீலில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். வலை இழுக்கிறவர்கள் அவனைத் தூக்குகிறார்கள். ஒரு கை ஒடிந்திருக்கிறது, இனிமேல் நீந்த முடியாது. அவன் வீசிய காகிதம் காற்றில் போய்த் தண்ணீரில் விழுந்து ஊறிவிட்டது, நீதிபதியால் படிக்க முடியவில்லை. ஆமாம், அவன் குற்றமற்றவன் என்று கடைசிவரை ஊருக்குத் தெரிவதே இல்லை! இதற்காகவா குதித்தாய் மடையா என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருக்கும். அப்புறம் அவன் நடந்து நடந்து ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறான். அப்போதுதான் அவனுக்கு ஒரு அம்மா இருப்பது நமக்குத் தெரியும். பத்து ரீலிலும் அவள் இல்லை. கதவு மூடியிருக்கிறது. தட்டலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் நிற்கிறான். அதனால்தான் ஜனத்துக்குப் பொறுமை இல்லை, ஒரு ஆள் சும்மா கதவுமுன் நிற்பதை யார் பார்ப்பார்கள்? பிறகு கதவு திறக்கிறது. அவள் ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. பொய் சொன்னாயா என்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு அட்டை. "சாப்பாடு ஆறிப்போச்சு, உள்ளே வா." அந்த அட்டையையும் நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்போது நான் பிள்ளை பெறாதவள், சப்பென்று இருந்தது.

அந்த ரீல் நம் வீட்டில்தான் இருக்கிறது. எறிய மனசு வராமல் உன் அப்பா தகர டப்பாவோடு பரணில் போட்டிருந்தார். சற்றுமுன் முட்டி அந்தக் காலோடேயே ஏறி எடுத்துக் கொடுத்தான். "இவ்வளவு நாளா இது மேலதான் அவன் பழைய பூட்ஸ் கிடந்துச்சாம்மா?" என்றான். அப்பா படுத்தபடியே டப்பாவைத் திறந்து முகர்ந்தார், விரலால் தடவினார். சுருங்கிப் போயிருக்கிறது, ஓரமெல்லாம் உதிர்கிறது. "ஒரு தடவ ஓடும். மெதுவா, கையால சுத்தினா. ரெண்டாவது தடவ தாங்காது" என்கிறார். ஒரே ஒரு தடவை. அதை வியாழக்கிழமை காலையில், முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஓட்டப்போகிறோம். தியேட்டர்க்காரரிடம் கேட்கப்போவதில்லை, சாவி இன்னும் அப்பாவிடம்தான் இருக்கிறது. அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக முட்டி, டீமிலிருந்து நாலு பேரைச் சொல்லிவைத்திருக்கிறான். ஆமாம், உன் டீம்தான். நாலு பேர் வருகிறேன் என்றார்கள். மற்றவர்கள் வரவில்லை, அதையும் மறைக்க மாட்டேன். நீ வராமல் அந்த ரீலை மிஷினில் ஏற்ற மாட்டோம். வியாழன் போனால் அடுத்த வியாழன். அது உதிர்ந்து தூளானாலும் நீ வராமல் ஓடாது.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குப் போ, போகாதே, அது உன் இஷ்டம். போனால் நான் கூட வருவேன். உண்மை எதுவானாலும் உன் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் உன்னை இனி எந்த மைதானத்திலும் விடவில்லை என்றால் மண் கொத்தலாம். மண்வெட்டி நான் வாங்கித் தருகிறேன்.

முட்டி எழுந்துவிட்டான், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறான். இன்னும் ஒன்றே ஒன்று.

ஒரு காலத்திலும் பிலிமில் ஒரு கட்டத்தைக்கூட வீணாக வெட்டக்கூடாது என்று உன் அப்பாவிடம் சண்டை போட்டவள் நான். இன்று அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்ததும் நான்தான். கதவுமுன் அவன் நிற்கிற இடத்திலிருந்து ஐந்து கட்டம் வெட்டிக் கொடுத்தார். இந்தக் கடிதத்தின் மடிப்பில் வைத்திருக்கிறேன். முட்டி வந்து சேரும்போது இருட்டியிருக்கும். விளக்குப் பக்கம் கொண்டுபோகாதே, தீப்பெட்டி கிட்டவே வேண்டாம், பழைய பிலிம் பொசுக்கென்று பற்றிக்கொள்ளும் என்று அப்பா இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். ஆகவே விடியும்வரை பொறுத்துக்கொள். முட்டியை உன் அறையிலேயே படுக்கவை, அவன் கால் வலிக்கும், தைலம் தேய்த்துவிடு. விடிந்ததும் சன்னலண்டை போய் இதைத் தூக்கிப் பிடித்துப் பார்.

ஐந்து கட்டமும் ஒன்றுபோலவே இருக்கும். அவசரப்படாதே. ஐந்தாவதை உற்றுப் பார். கதவு ஒரு விரல்கடை அளவு நகர்ந்திருக்கிறது.

நீடூழி வாழ்க என்று ஒவ்வொரு கடிதத்திலும் வழக்கத்துக்கு எழுதுவேன். இன்று வேண்டிக் கேட்டு எழுதுகிறேன். நீடூழி வாழ், என் ராசா. சும்மா வாழ். ஜெயிக்க வேண்டாம்.

கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கும்,
உன் அம்மா